இணைந்த கணிதமா, ஏசி வேலையா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். கணவருக்கு டோஹாவில் வேலை. மகனுக்கு 17 வயது. சாதாரண தரத்தில் நன்றாகச் செய்தான். கணிதத்துக்கு ஏ, விஞ்ஞானத்துக்கு பி. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தான், நாங்கள்தான் எடுக்கச் சொன்னோம். இப்போது தரம் 12 முடியப் போகிறது. இணைந்த கணிதமும் பௌதிகமும் சூம் வகுப்பு, இரசாயனம் வெள்ளவத்தையில் நேரடி வகுப்பு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று மாத ரெக்கோர்டிங் பார்க்காமலே கிடக்கிறது என்று இப்போதுதான் தெரிய வந்தது. கேட்டால் கத்துகிறான். ஒருநாள் போனைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டான். என் தம்பி வீடுகளுக்குப் போய் ஏசி, ஃபிரிஜ் திருத்துகிறவன். லீவு நாளில் அவனோடு போய்வந்தால் மட்டும் மகன் பழைய பிள்ளை. வயிறாரச் சாப்பிடுவான், சிரித்துக் கதைப்பான். உயர்தரத்தை விட்டுவிட்டு அந்தக் கோர்ஸையே படிக்கப் போகிறேன் என்கிறான். அவர் இதைக் கேட்டு, "நான் இந்த வெயிலில் கிடப்பது என் பிள்ளையும் ஸ்பனர் பிடிக்கவா?" என்று போனில் அழுதுவிட்டார். விடுவதா, மறிப்பதா? சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள அம்மா,

இந்த மாதம் விடவும் வேண்டாம், மறிக்கவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. அவனுடைய கோபம், பார்க்காமல் கிடக்கும் வகுப்புகள், ஏசி வேலை மேல் வந்த ஆசை. வீட்டில் சண்டை நடப்பது மூன்றாவதைப் பற்றி. ஆனால் அதை முடிவு செய்வதற்கு வேண்டிய விவரம் இன்னும் உங்கள் யாரிடமும் இல்லை, அவனிடமும் இல்லை. முதல் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு மூன்றாவதற்குப் பதில் தேடினால், பாடசாலையில் இருந்தாலும் பயிற்சி நிலையத்துக்குப் போனாலும் அதே சுமையைத் தூக்கிக்கொண்டுதான் போவான். ஆகவே முதலில் கோபம்.

போனை உடைத்ததை நீங்கள் அடங்காத்தனம் என்று எழுதவில்லை, பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன். மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் படிப்பது மாதிரிக் காட்டிக்கொண்டு ஒரு பிள்ளை கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறான். அது சும்மா இருப்பதைவிடக் கஷ்டமான வேலை. கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளை, ஊரெல்லாம் கெட்டிக்காரன் என்று சொன்ன பிள்ளை, இணைந்த கணிதத்தில் முதல் தவணையிலேயே தடுக்கி விழுந்திருப்பான். சாதாரண தரக் கணிதத்துக்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் என்பது அந்தப் பாடம் படித்த எல்லோருக்கும் தெரியும், ஆனால் படிக்கப் போகிற பிள்ளைக்கு யாரும் அதை முன்கூட்டிச் சொல்வதில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். சூம் வகுப்பில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், கமரா ஓஃப், யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. ஒரு வகுப்பு தவறியது, அது இரண்டானது, அப்புறம் திறந்து பார்க்கவே பயம். "வகுப்புப் பார்த்தாயா?" என்று நீங்கள் கேட்கும்போது அவன் கத்துவது, அந்தக் கேள்விக்கு அவனிடம் சொல்லக்கூடிய பதில் இல்லாததால்தான்.

எங்கள் வீடுகளில் ஆண் பிள்ளைகளுக்குக் காட்ட அனுமதி இருப்பது ஒரே உணர்ச்சி, கோபம். வெட்கம், பயம், தோற்றுப்போன கவலை எல்லாமே அந்த ஒரு வாசலால்தான் வெளியே வரவேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று சொல்லும் பத்து வாழ்க்கைத் திறன்களில் உணர்ச்சியைச் சமாளிப்பதும் மன அழுத்தத்தைச் சமாளிப்பதும் இருக்கின்றன. பாடசாலையிலும் சுகாதாரப் பாடத்தில் இதையெல்லாம் படித்து, எழுதி, புள்ளியும் எடுத்திருப்பான். எழுதியதை ஒருநாளாவது வீட்டில் செய்து பார்க்க இடம் கிடைத்திருக்குமா என்பதுதான் சந்தேகம்.

இந்தக் கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். அவனை எதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். தம்பியோடு வேலைக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுகிற நேரம், இல்லாவிட்டால் எங்காவது நடந்துபோகிற நேரம், பக்கத்தில் இருந்தபடி, "மூன்று மாதம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு இருந்தது உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். இந்தப் பேசாமல் இருப்பதுதான் தாய்மாருக்கு வராத பகுதி. அவன் உடனே எதுவும் சொல்லாமல் எழுந்து போகலாம், போகட்டும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வந்து சொல்வான். சொல்லும்போது அறிவுரையோ, காசுக் கணக்கோ, அப்பா படும் பாடோ நடுவில் வரக்கூடாது. வகுப்புக் காசு வீணாய்ப் போனது அவனுக்கும் தெரியும்.

அதே நேரம், கோபம் வரலாம், பொருளை உடைக்கக்கூடாது என்பதில் நீங்கள் இளகவும் வேண்டாம். மாமாவோடு போகும்போது கையில் கிடைக்கிற காசில் ஒரு பகுதியை உடைந்த போனுக்குக் கொடுக்கட்டும். தண்டனை மாதிரிச் சொல்லாமல் கணக்கு மாதிரிச் சொன்னால் ஏற்றுக்கொள்வான். குரல் உயரத் தொடங்கினால் நீங்களோ அவனோ "பிறகு கதைப்போம்" என்று சொல்லி நிறுத்தலாம் என்று ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் "பிறகு" வரவே வராது.

அவனுடைய அப்பாவிடமும் ஒன்று சொல்லுங்கள். இரண்டு கிழமைக்குப் போனில் புள்ளி, வகுப்பு, பரீட்சை எதையும் கேட்க வேண்டாம். கேட்பதற்கு அவரிடம் வேறு விஷயம் தாராளமாக இருக்கிறது. டோஹா போன்ற இடத்தில் ஏசி நின்றால் ஒரு கட்டடத்தில் என்ன நடக்கும், அதைத் திருத்த வருகிறவர்கள் யார், அவர்கள் என்ன படித்தவர்கள் என்று அவர் கண்ணால் பார்த்ததை மகனுக்குச் சொல்லட்டும். அப்பாவும் மகனும் சண்டையில்லாமல் கதைக்க அவர்களுக்கு இப்போதைக்கு இருக்கிற ஒரே தலைப்பு இதுதான் போலிருக்கிறது.

ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். இரவில் தூக்கமே இல்லை, சாப்பாடு குறைகிறது, மாமாவோடு போகவும் பிடிக்கவில்லை, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் இந்தக் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உடனே உதவி தேடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. 1333 இலும் இலவசமாகக் கதைக்கலாம். நீங்கள் எழுதியதிலிருந்து அப்படித் தெரியவில்லை. மாமாவோடு போய்வந்தால் சிரிக்கிறான் என்பது நல்ல அறிகுறி.

இனிப் படிப்பு. இவனுடைய வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றை மறந்துவிடுகிறோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது இவர்கள் பெரிய வகுப்புக்கு வரும் பருவத்துப் பிள்ளைகள். 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் திரும்பவும் போனுக்கு முன்னால். திரையில் பாடம் கேட்பது அவர்களுக்குப் பழக்கம், திரையில் படிப்பது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்பதும் படிப்பதும் ஒன்று என்று அவர்கள் நினைக்கிறார்கள், பெற்றோரும்தான்.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுத் தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னே. ஒரு கிழமை கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முன்னே. ரெக்கோர்டிங் பார்க்கிற பிள்ளைக்கு நடப்பது அந்த ஐந்து நிமிடச் சுகம்தான். சேர் கணக்குச் செய்யும்போது எல்லாம் விளங்குகிறது, வேகத்தைக் கூட்டிவைத்தும் விளங்குகிறது. பேப்பரை எடுத்தால் முதல் வரி வராது.

அதனால், சேர்ந்து கிடக்கும் மூன்று மாத ரெக்கோர்டிங்கையும் உட்கார்ந்து பார்த்து முடி என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைச் செய்யத் தொடங்கினால் இன்னும் மூன்று மாதம் பின்னால் போவான். அந்தக் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டோம் என்று வாய்விட்டே சொல்லுங்கள், அவன் மூச்சு விடுவது உங்களுக்குத் தெரியும். பிறகு பாடத்திட்டத்தை எடுத்து, தவறிய பாடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் பழைய பரீட்சைத் தாள் (பாஸ் பேப்பர்) கேள்வி ஒன்றோடு தொடங்கட்டும். செய்து பார்ப்பது, எங்கே முட்டுகிறதோ அந்த இடத்துக்குரிய ரெக்கோர்டிங் துண்டை மட்டும் திறப்பது, நிறுத்திவிட்டுத் தாளைப் பார்க்காமல் திரும்பச் செய்வது. மெதுவாகத்தான் போகும். தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களும் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் உள்ள பாடங்களும் தமிழில் இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் டியூட் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

எந்தப் பாடம் திரையில், எந்தப் பாடம் நேரில் என்பதிலும் நீங்கள் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரசாயனத்தில் விளக்கமும் வாசிப்பும் அதிகம், அதை ரெக்கோர்டிங்கில் கேட்டு ஓரளவு சமாளிக்கலாம். இணைந்த கணிதத்துக்குத்தான் பேனா எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கிற ஒருவர் வேண்டும். பக்கத்து மேசைப் பிள்ளையும் அதே இடத்தில் நிற்கிறான் என்று பார்ப்பதே பாதி மருந்து. கொட்டாஞ்சேனையிலோ அண்டையிலோ பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு நடக்கிற சின்ன வகுப்பு ஒன்றைத் தேடுங்கள். பெயர்போன ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தைக்கு மாலை பஸ்ஸில் போய்வருகிற நேரமும் மிஞ்சும். சூம் வகுப்பு நடக்கும்போது அறைக்குள் வேண்டாம், ஹோலில் ஹெட்போன் போட்டுக்கொண்டு இருக்கட்டும். நீங்களும் டிவியை நிறுத்த வேண்டியிருக்கும், சரி, அது உங்கள் பங்கு.

இப்படி ஒரு தவணை பாருங்கள். ஒழுங்காகப் படித்த பிறகும் அந்தப் பாடங்கள் அவனுக்குள் இறங்கவில்லை, அல்லது இறங்குகிறது ஆனால் எந்த விருப்பமும் இல்லை என்றால், அப்போது அவன் சொல்லும் "விடப்போகிறேன்" வேறு சொல். இப்போது சொல்வது பாதி ஓட்டம். ஓடுகிறவன் எதை நோக்கி ஓடுகிறான் என்று பார்ப்பது கஷ்டம்.

இந்தத் தவணையிலேயே ஏசி வேலையையும் சோதித்துப் பார்க்கலாம், அதை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. லீவில் ஒரு நாள் மாமாவோடு போய், ஃபில்டர் கழற்றிக் கழுவி, வீட்டுக்காரர் கொடுத்த பிளேன்டீ குடித்துவிட்டு வருவது தொழில் இல்லை. விடுமுறையில் இரண்டு கிழமை முழுதாகப் போகட்டும். பால்கனி விளிம்பில் நின்று வெளி யூனிட்டைத் தூக்குவது, மூன்றாம் மாடிக்கு சிலிண்டர் சுமப்பது, திருத்திய மெஷின் அடுத்த நாளே திரும்ப நின்றுபோய் வீட்டுக்காரர் திட்டுவது, எல்லாம் பார்க்கட்டும். உங்கள் தம்பியிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இவன் "இதை எப்படிச் செய்வது?" என்று மட்டும் கேட்கிறானா, "ஏன் இப்படி ஆகிறது?" என்றும் கேட்கிறானா? இரண்டாவதைக் கேட்கிறவனாக இருந்தால் இந்தத் தொழிலில் மேலே போவான்.

ஏன் என்றால், அவன் விட்டு ஓட நினைக்கும் பௌதிகம் இந்த வேலையில் அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987இல் கையெழுத்தான மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் எங்களைப் போன்ற நாடுகள் 2030க்குள் அதன் பாவனையை ஏறக்குறைய நிறுத்த வேண்டும். புதிதாக வருகிற ஏசிகள் பலவற்றில் ஆர்-32, சிலவற்றில் ஆர்-290. ஆர்-290 என்பது வேறொன்றுமில்லை, புரொப்பேன், தீப்பற்றும். ஆர்-32உம் ஓரளவு தீப்பற்றக்கூடியதுதான். புது ஃபிரிஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ ஐசோபியூட்டேன், அதுவும் தீப்பற்றும். அதைக் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் அடைக்க வேண்டும். கேஜைப் பார்த்து, குழாயைத் தொட்டுப்பார்த்து, கைப்பழக்கத்தில் காஸ் அடிக்கிற காலம் போய்க்கொண்டிருக்கிறது. வாயு மிஞ்சியிருக்கிற குழாயில், ஒட்டவைக்கும் தீ டோர்ச்சைப் பிடித்தால் ஆளே மிஞ்சமாட்டார். இன்வேட்டர் மெஷினில் பழுது குழாயில் இருக்கிறதா போர்டில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மின்னியல் தெரிய வேண்டும். அமுக்கம், வெப்பநிலை, மறைவெப்பம், தடை, மின்னோட்டம் என்று தரம் 12 புத்தகத்தில் இருப்பவைதான் எல்லாம். இதை நீங்கள் சொல்ல வேண்டாம், மாமா வாயால் கேட்கட்டும். சில பிள்ளைகளுக்கு மெஷினைத் திறந்து பார்த்த பிறகுதான் பௌதிகப் புத்தகம் விளங்கத் தொடங்கும், உங்கள் மகன் அந்த வகையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, தவணையும் முடிந்தது, சோதனையும் முடிந்தது, அவன் இன்னும் அதே பக்கம்தான் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கதவுகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

முதலில் பார்க்கச் சொல்வது உயர்தரத்துக்குள்ளேயே இருக்கும் தொழினுட்பப் பிரிவு. 2013இல் தொடங்கியது. பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், அதோடு தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் கட்டாயம், மூன்றாவது பாடத்தைத் தெரிவு செய்யலாம். அதிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் ஹோமாகம பிட்டிபனவில் இருக்கிறது. அவனுடைய பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லாவிட்டால் எந்தப் பாடசாலையில் தமிழ் மொழியில் இருக்கிறது என்று அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திலோ கேளுங்கள். ஒரு வருடம் பின்னால் போக நேரலாம். 17 வயதில் ஒரு வருடம் பெரிய நட்டம் இல்லை, பிடிக்காத பிரிவில் மூன்று தடவை பரீட்சை எழுதுவதோடு பார்த்தால் மிகச் சின்ன நட்டம். இன்னொன்று, 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி. பாடசாலைக்குள் இருந்தபடியே தொழிற்பாடங்களைப் படித்து, பயிற்சி நிலையத்துக்கும் போய், என்.வி.கியூ. என்று சொல்லும் தேசிய தொழில் தகைமையில் 4ஆம் படி வரை எடுக்கிற வழி அது. எல்லாப் பாடசாலையிலும் இல்லை.

பாடசாலையை விட்டு வெளியே போவதென்றால் அந்த என்.வி.கியூ. ஏணியைத்தான் பிடிக்க வேண்டும். ஏழு படி. நான்காவது படி எடுத்தவர் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்யத் தகுதியானவர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமம், அதற்கென்றே இரத்மலானையில் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. ஏசி வேலையைக் கடிதங்களில் குளிரூட்டல், வளிச்சீராக்கல் என்று போடுவார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் தலைமையகம் நாரஹேன்பிட்டவில். மருதானையில் 1893இலிருந்து இருக்கிற தொழில்நுட்பக் கல்லூரி உங்கள் வீட்டுக்குப் பக்கம் மாதிரித்தான். காலி வீதியில் 'ஜெர்மன் டெக்' என்று எல்லோரும் சொல்லும் இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம்; அங்கே இடம் கிடைக்கப் போட்டி அதிகம். அரச நிலையங்களில் பல பயிற்சிகள் இலவசம், சிலவற்றுக்குக் காசு உண்டு. பெரும்பாலும் வருடத் தொடக்கத்திலும் நடுவிலும் ஆள் எடுப்பார்கள்.

போய் விசாரிக்கும்போது ஒன்றை முதல் கேள்வியாகக் கேளுங்கள்: பாடம் எந்த மொழியில்? கொழும்பில் இது தமிழ்ப் பிள்ளைகள் இடறும் இடம். உங்கள் மகன் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன், சிங்களம் கதைப்பான். வாசித்து எழுதுவது வேறு. சில பிள்ளைகள் முதல் மாதத்தில் நின்றுவிடுவது வேலை பிடிக்காமல் அல்ல, கரும்பலகையில் எழுதுவது விளங்காமல். சிங்கள மொழியில்தான் பாடம் என்றால் அதற்கு முன்னாலேயே சில மாதம் வாசிக்கப் பழகட்டும். பட்டறையில் பெயர்கள் எல்லாம் ஆங்கிலம்தான், அது அவனுக்கு ஏற்கெனவே வரும்.

தனியார் நிலையங்கள் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வெளிநாட்டுப் பெயர் போட்ட டிப்ளோமா, லட்சக்கணக்கில் கட்டணம், முடித்ததும் வெளிநாட்டு வேலை என்று கொழும்பு முழுக்கப் பலகை தொங்குகிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? அங்கே நடக்கும் அந்தக் குறிப்பிட்ட பயிற்சிக்கு ஆணைக்குழுவின் தர அங்கீகாரம் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக் காட்டுவார்கள். அங்கீகாரம் இல்லாத பயிற்சிக்கு என்.வி.கியூ. கிடைக்காது. ஆணைக்குழுவின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அப்பா வெயிலில் நின்று அனுப்பும் காசு இதில் போகக்கூடாது.

எந்த வழியாக இருந்தாலும், புது இடத்தின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் வரை பாடசாலையிலிருந்து பெயரை வெட்ட வேண்டாம். நடுவில் வீட்டில் சும்மா இருக்கும் மாதங்கள்தான் ஆபத்து. உயர்தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பிறகும் எழுதலாம், பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் வரை உண்டு, ஆகவே இப்போது விலகினால் எல்லாம் முடிந்தது என்ற பயமும் வேண்டாம்.

உங்கள் கணவரின் கண்ணீருக்கு வருகிறேன். அவர் பயப்படுவது ஸ்பனருக்கு அல்ல. கையில் தொழில் இருந்தும் காகிதம் இல்லாதவனை எப்படி நடத்துவார்கள் என்று அவர் அங்கே தினமும் பார்க்கிறார், அதற்குத்தான் பயம். அந்தப் பயம் நியாயமானது, அதற்குப் பதிலும் இருக்கிறது, மேலே சொன்ன ஏணிதான் அது. இன்னொன்றையும் அவரிடம் மெல்லச் சொல்லுங்கள். பொறியியல் போன்ற பல்கலைக்கழக இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. கொழும்பு மாவட்டத்திலிருந்து கணிதப் பிரிவில் பொறியியலுக்கு வேண்டிய இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. விருப்பத்தோடு இரவு பகலாகப் படிக்கும் பிள்ளைகளோடுதான் இவனும் நிற்க வேண்டும். பிடிக்காமல் இருந்துகொண்டு அந்த வரிசையில் நிற்க முடியாது.

சொந்தக்காரருக்கு "தொழினுட்பம் படிக்கிறான்" என்று சொல்லுங்கள், போதும். கேட்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டு ஏசி நின்றால் உங்கள் தம்பிக்குத்தான் போன் எடுக்கிறார்கள்.

உங்கள் தம்பி எந்தச் சான்றிதழும் இல்லாமல் அனுபவத்தில் வேலை பழகியவர் என்று நினைக்கிறேன். அவருக்கும் ஒரு வழி இருக்கிறது. கோர்ஸ் போகாமலே, செய்துவந்த வேலையை வைத்து மதிப்பிட்டு என்.வி.கியூ. தரும் முறை உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்வார்கள். நைட்டா என்று சொல்லும் பயிலுநர் பயிற்சி அதிகாரசபையிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விண்ணப்பிக்கலாம். வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், செய்த வேலைகளின் படங்கள், பில் புத்தகம் இருந்தால் அதுவும் எடுத்துவைக்கட்டும். மதிப்பீட்டாளர் முன்னால் வேலை செய்துகாட்ட வேண்டும், சில கேள்விகளுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு அவரைத் தயார்ப்படுத்தும் வேலையை உங்கள் மகனிடம் கொடுங்கள். வாயுக்களின் பெயர், அமுக்க அட்டவணை, மின்சுற்று எல்லாம் அவன் புத்தகத்தைப் பார்த்து மாமாவுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நாரஹேன்பிட்டவுக்கு விசாரிக்கப் போகும்போது இரண்டு பேரும் ஒன்றாகவே போகலாம், அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.